ராக்கம்மாவுக்கு ஓட்டுப் போட்டது யார்?

2002 டிசம்பரில் பிபிசி உலக சேவைக்கு எழுபது வயது நிறைந்தது. அதையொட்டி உலகத்திலேயே சிறந்த பாட்டு எது என்று நேயர்களிடம் கேட்டார்கள். 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஓட்டு விழுந்தது. முடிவு வந்தபோது முதல் பத்தில் பீட்டில்ஸ் இல்லை. தொண்ணூறுகளில் பிரிட்டனைக் கலக்கிய ஒயாசிஸும் ப்ளரும் இல்லை. பிரிட்டிஷ் ராக் குழுவென்று ஒன்றே ஒன்றுதான் தேறியது: குயீன் பாடிய 'போஹிமியன் ராப்சடி', அதுவும் பத்தாம் இடத்தில். அதற்கு ஆறு படி மேலே, நான்காம் இடத்தில், 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையைத் தட்டு'.

இளையராஜா ரசிகர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் செய்தியை மார்தட்டிச் சொல்லிவருகிறார்கள். தருமபுரி பேருந்து நிலையத்தில் சேலம் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ராஜாவா ரஹ்மானா என்று பேச்சு கிளம்பினால், யாராவது ஒருவர் பிபிசியை இழுக்காமல் விடமாட்டார். பெருமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பட்டியலை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. படித்தால் பாட்டைப் பற்றித் தெரிவதைவிட ஓட்டைப் பற்றித்தான் அதிகம் தெரியும்.

முதலிடம் பிடித்தது அயர்லாந்தின் வுல்ஃப் டோன்ஸ் குழு பாடிய 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட விடுதலைப் பாட்டு அது. அதற்கு ஓட்டுப் போடச் சொல்லி மின்னஞ்சல் ஒன்று கைக்குக் கை பரவி, ஆதரவாளர்கள் குவிந்தார்கள். இரண்டாம் இடம் 1952-இல் வந்த 'ஆனந்த் மட்' இந்திப் படத்தின் வந்தே மாதரத்துக்கு. மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'. ஐந்தாவது, ஈழத்துப் பாடகர் திருமலைச் சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஏழாவது நேபாளத்தின் அருண் தாபா பாடியது. ஒன்பதாவது ரஹ்மானின் 'சைய்யா சைய்யா'.

பத்தில் ஆறு இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய மூன்று நாடுகளுக்கும் ஈழத்துக்கும் உரியவை. காரணம் ரகசியம் ஒன்றுமில்லை. பிபிசி உலக சேவை இந்தி, உருது, நேபாளி, தமிழ் என்று பல மொழிகளில் ஒலிபரப்பாகிவந்தது. தமிழுக்குத் தமிழோசை இருந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதற்குப் பழகிய காதுகள் ஏராளம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறிய ஈழத்தமிழர்களிடம் இணைய வசதியும் இருந்தது, ஊர் நினைப்பும் இருந்தது. அமெரிக்காவில் கார் ஓட்டியபடி உள்ளூர் பண்பலை கேட்பவருக்கு இப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்ததே தெரிந்திருக்காது. யாரிடம் கேட்டார்கள் என்பதிலேயே பாதி முடிவு தீர்மானமாகிவிடுகிறது.

மீதிப் பாதி, எப்படி எண்ணினார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொரப்பூரில் நூறு ராஜா ரசிகர்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு பாட்டு மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். 40 பேர் 'ராக்கம்மா' என்கிறார்கள். 35 பேர் 'அவதாரம்' படத்தின் 'தென்றல் வந்து தீண்டும்போது' என்கிறார்கள். 25 பேருக்கு 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி'. ராக்கம்மா ஜெயித்துவிட்டது, மாலை போட்டாகிவிட்டது. இப்போது முறையை மட்டும் மாற்றுவோம். கடைசியில் வந்த பாட்டை நீக்கிவிட்டு, அதற்கு ஓட்டளித்த 25 பேரிடம் அடுத்த விருப்பத்தைக் கேட்கிறோம். மெல்லிசை விரும்பிகளான அவர்கள் அத்தனை பேரும் 'தென்றல்' பக்கம் சாய்ந்தால், 60-க்கு 40 என்று அதுதான் வெற்றி. அதே நூறு பேர்தான், அவர்கள் ரசனையும் அதேதான். மாலை மட்டும் கைமாறியிருக்கிறது.

ஆயிரம் படங்களைத் தாண்டி இசையமைத்த ஒருவருக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஓட்டு ஆயிரம் பக்கம் சிதறும். அப்படிச் சிதறாமல் உலகத் தமிழர்கள் ஒரே பாட்டில் வந்து குவிந்ததுதான் 2002-இன் உண்மையான அதிசயம். அந்தப் பாட்டுக்கு அதற்கான உடல்வாகு இருந்தது என்பது என் எண்ணம். 1991 தீபாவளிக்கு வந்த படம், ரஜினியும் மம்முட்டியும், இயக்கம் மணிரத்னம். வாலியின் வரிகளை எஸ்.பி. பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் குத்தாட்டமாகப் பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் எல்லாம் நின்று, அப்பரின் தேவாரம் ஒலிக்கும். திருவிழாவுக்கும் பாடல், கோயிலுக்கும் பாடல். எந்தக் கட்சிக்காரரும் மறுக்க முடியாத வேட்பாளர் மாதிரி.

ஒயாசிஸ் ரசிகர்களிடம் இதே வாக்கெடுப்பை நடத்தினால் வேறொரு விநோதம் வெளிப்படும். மான்செஸ்டர் நகரத்துக் குழு அது. அண்ணன் நோயல் கேலகர் பாட்டெழுத, தம்பி லியாம் பாட, 1994 முதல் 2008 வரை ஏழே ஏழு ஆல்பங்கள். அவர்களுடைய 'வொண்டர்வால்' 1995-இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலி ஆண்டுதோறும் நேயர் வாக்கில் நூறு பாட்டுகளை வரிசைப்படுத்தும்; அந்த ஆண்டு முதலிடம் இதற்குத்தான். 2013-இல் கடந்த இருபது ஆண்டுகளின் சிறந்த நூறைக் கேட்டபோதும் இதுவே முதலிடம்.

ஆனால் பழுத்த ரசிகரிடம் போய் 'வொண்டர்வால்' என்று சொன்னால் உதட்டைப் பிதுக்குவார். பாடிய லியாமே அந்தப் பாட்டைக் கேட்டால் எரிச்சல் வருகிறது என்று பேட்டி கொடுத்திருக்கிறார். பழுத்த ரசிகர் சொல்லும் பெயர்கள் 'அக்வியெஸ்', 'தி மாஸ்டர்பிளான்' என்று போகும். இரண்டும் ஆல்பத்தில் இடம்பெறாமல், ஒற்றைப் பாட்டு வட்டுகளின் பின்பக்கத்தில் துணைக்கு வைத்தவை. 'மாஸ்டர்பிளான்' இருந்ததே 'வொண்டர்வால்' வட்டில்தான். காசு கொடுத்து ஒவ்வொரு வட்டையும் வாங்கியவருக்கு மட்டுமே கிடைத்த புதையல் அது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டைச் சொல்வதில் ரசிகனுக்கு என்ன பெருமை?

நம்மிடமும் இந்த ரகம் உண்டு. 'தளபதி' கேசட்டில் யேசுதாஸும் ஜானகியும் பாடிய 'புத்தம் புது பூ பூத்ததோ' இருக்கும், படத்தில் இருக்காது. தியேட்டரில் படம் பார்த்தவருக்கு அது தெரியாது, கேசட் வாங்கியவருக்குத் தெரியும். ராஜா ரசிகர்கள் கூடும் இடத்தில் ஒருவர் இந்தப் பாட்டைத் தன் முதல் விருப்பமாகச் சொன்னால், தன் தகுதிச் சான்றிதழையும் சேர்த்து நீட்டுகிறார் என்று அர்த்தம்.

கேசட் என்றதும் ரெக்கார்டிங் சென்டரைச் சொல்லாமல் முடியாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் கடைவீதிகளில் இருந்த கடை அது. தருமபுரி, அரூர், பாலக்கோடு போன்ற ஊர்களில் வளர்ந்து இன்று ஐம்பதைத் தொடும் யாரைக் கேட்டாலும் நினைவிருக்கும். வெற்றுக் கேசட்டும், கோடு போட்ட தாளில் எழுதிய பாட்டு வரிசையும் கொடுத்தால், சில நாளில் பதிந்து தருவார்கள். காப்புரிமைச் சட்டப்படி அது தப்பு. அன்றைக்கு யாரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. சிக்ஸ்டி கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம், ஐந்து நிமிடப் பாட்டு என்றால் ஆறு. இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு. நைன்டி வாங்கினால் பதினெட்டு. இடம் கொஞ்சம், பாட்டு நிறைய. எழுதியதை அடித்து, அடித்ததை மறுபடி எழுதி, கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் நிமிடக் கணக்கும் பார்த்துத்தான் தாளைக் கொடுக்க வேண்டும். பதிவுக்குக் காசும் உண்டு.

வாக்கெடுப்பு நடத்துகிறவர்கள் கனவு காணும் முறை இது: வரம்புள்ள தேர்வு, சொந்தச் செலவு, யாரும் தூண்டிவிடாத முடிவு. அந்தத் தாள்களை யாரும் சேர்த்து வைக்காமல் போனது தமிழ்த் திரையிசை வரலாற்றுக்கு ஒரு நஷ்டம்.

கடிதத்தில் ஓட்டுக் கேட்ட கதை இன்னும் பழையது. 1952-இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஒதுக்கப்பட்டன. நேயர்கள் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். அங்கே அதே ஆண்டு டிசம்பரில் அமீன் சயானி 'பினாகா கீத் மாலா'வைத் தொடங்கினார். கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. குவியக் குவியச் சந்தேகமும் வந்தது: ஒரே கையெழுத்தில் ஐம்பது அட்டை வந்தால் அது ஐம்பது ஓட்டா, ஒன்றா? பின்னாளில் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்துப் பார்த்து வரிசையை முடிவுசெய்தார்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கும் இங்கிருந்து அட்டைகள் பறந்தன. பாட்டைவிடத் தன் பெயரை கே.எஸ். ராஜாவோ அப்துல் ஹமீதோ உச்சரிக்கக் கேட்பதே பலருக்கு விருப்பமாக இருந்தது. டெல்லி இறங்கிவந்து, 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று.

இந்த அட்டைப் போட்டியில் புகழ்பெற்ற ஊர் ஒன்று உண்டு. இன்றைய ஜார்க்கண்டில், அபிரகச் சுரங்கங்கள் நிறைந்த கோடர்மா மாவட்டத்து ஜும்ரி தலையா. யார் அதிகம் அட்டை அனுப்புவது என்று உள்ளூர்க்காரர்களுக்குள் போட்டி மூண்டு, விருப்பப் பாட்டு நிகழ்ச்சியில் அந்த ஊர்ப் பெயர் ஓயாமல் ஒலித்தது. இப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா என்று நாட்டின் பல மூலைகளிலும் கேட்டார்கள். அட்டையை எண்ணினால் இந்தியாவின் ரசனைத் தலைநகரம் ஜும்ரி தலையாதான்.

தருமபுரிக்கு அப்படி நேயர் புகழ் இல்லாவிட்டாலும் வேறொரு உரிமை இருக்கிறது. 1992-இல் வந்த 'ரோஜா'வின் 'சின்னச் சின்ன ஆசை'யின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது ஒகேனக்கல்லில். மின்மினி பாடிய அந்தப் பாட்டுக்கு வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ரஹ்மானுக்கு முதல் படம். 2005-இல் டைம் இதழின் விமர்சகர் ரிச்சர்ட் கார்லிஸ் உலகின் பத்துச் சிறந்த திரையிசைகளில் ஒன்றாக 'ரோஜா'வைச் சேர்த்தார். ஆனால் பிபிசி பத்தில் ரஹ்மான் நுழைந்தது இந்திப் பாட்டு வழியாக. இந்தியும் உருதும் பேசும் வாக்காளர்கள் சேர்ந்தால் எண்ணிக்கை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை விமர்சகர் எடுத்த பட்டியலும் ஒன்றரை நூறு நாட்டு ஓட்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

இன்று யூடியூப் எண்ணிக்கையே தீர்ப்பு என்று ஆகிவிட்டது. 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' 2020 நவம்பரில் நூறு கோடிப் பார்வைகளைத் தாண்டியது. ஒரு குழந்தைக்குச் சோறூட்ட அதே பாட்டை முப்பது தடவை போட்டால் முப்பதும் கணக்கில் ஏறும். ஊக்கமாகக் கேட்டவரும், பக்கத்து வீட்டுச் சத்தத்தில் கேட்டவரும் அங்கே வேறு வேறு அல்ல. கேசட்டில் பன்னிரண்டு பாட்டுக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர் இதை ஓட்டு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

சரி, தருமபுரி மாவட்டத்தில் தொண்ணூறுகளின் பாட்டுக்கு ஒழுங்காக ஒரு வாக்கெடுப்பு நடத்த வேண்டுமென்றால்? முதலில் நாளைப் பார்க்க வேண்டும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும் பொங்கல் சமயத்தில் கேட்டால் ஒரு பட்டியலும், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் கேட்டால் வேறொரு பட்டியலும் வரும். தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிறவர்கள் இங்கே கணிசம். தமிழ்ப்பாட்டு மட்டும் என்று கட்டாயப்படுத்தினால் அவர்கள் விருப்பம் பதிவாகாது. ஆளுக்கு ஒன்று கேட்காமல் பத்துக் கேட்பது நல்லது. டிரிபிள் ஜே அப்படித்தான் கேட்கிறது. பிரபலமான பாட்டும் உள்ளே வரும், பின்பக்கத்துப் புதையலும் வரும். வயது வாரியாகப் பிரித்து எண்ணினால் சண்டை சுவையாக இருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கடைசியில் ராஜாவும் ரஹ்மானும் சமமாக நின்றால்? அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுக் குழுவில் சிறந்த இசையமைப்பாளர் யார் என்பதில் 'தேவர் மகன்' இளையராஜாவும் 'ரோஜா' ரஹ்மானும் சம ஓட்டு பெற்றார்கள். தலைவர் கையிலிருந்த தீர்மான ஓட்டு ரஹ்மானுக்கு விழுந்தது. அதைப் போட்டவர் பாலு மகேந்திரா. இளையராஜாவின் நூறாவது படமான 'மூடுபனி'யை இயக்கியவர். 2013-இல் வந்த அவரது கடைசிப் படம் 'தலைமுறைகள்'. அதற்கும் இசை இளையராஜாதான்.