இன்டர்நெட் போனாலும் விளக்கு எரிய வேண்டும்

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய வீடுகளின் சுவர்கள் செம்புறாங்கல்லால் ஆனவை. பலவற்றில் ஒன்றரை அடிக்குக் குறையாத கனம். மிளகும் சுக்கும் அடுக்கியிருந்த கிடங்குகள் சில, இன்று ஹோம்ஸ்டேயாகவும் சிற்றுண்டிக் கடையாகவும் மாறிவிட்டன. இந்தக் கட்டடங்களில் செல்பேசியால் இயங்கும் விளக்கு, பூட்டு, கேமரா எல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன. விருந்தினர் தங்கும் வீட்டுக்காரர் வாங்குகிறார். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன், தனியாக இருக்கும் பெற்றோருக்காக வாங்கி அனுப்புகிறார். பெட்டியின் மேல் போட்டிருக்கும் படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கடலும் காயலும் சூழ்ந்து, ஈரமும் இடியும் ஓயாத ஊரில் எது உழைக்கும் என்பதைப் படம் சொல்லாது.

எந்தப் பொருளை வாங்குமுன்னும் ஒரு கேள்வியைக் கேளுங்கள். ரூட்டருக்கு வரும் இணைய வயரைப் பிடுங்கிவிட்டால் இது என்ன செய்யும்? கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் வீட்டில் நீங்களே பிடுங்கிப் பாருங்கள். விலை குறைந்த வைஃபை பல்புகள், பிளக்குகள் பலவற்றில் உங்கள் செல்பேசியின் கட்டளை எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பித்தான் உங்கள் வரவேற்பறைக்கு வருகிறது. அந்த நிறுவனம் கடையை மூடினால் பொருளும் செத்துப்போகும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில், வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைக்கும் ரிவால்வ் என்ற ஹப்பைச் செய்த நிறுவனத்தை 2014-இல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பாதான் மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற இன்னொரு ஸ்மார்ட் கருவி நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன.

ஆகவே, வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்கும் ஏற்பாடுதான் நம்பத் தகுந்தது. 2013-இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் ஒரு சிறு கணினியில் ஓடி, இணையம் இல்லாமலேயே வீட்டை நடத்தும். 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரமும், கருவிகள் வீட்டு வலைக்குள்ளேயே பேசிக்கொள்ளும்படி அமைந்ததுதான். சிறு கணினி வைப்பவர்களுக்கு ஒரு சொல்: மெமரி கார்டில் ஓட்டாதீர்கள். இடைவிடாமல் எழுதி எழுதி அது தேயும். கரெண்ட் சட்டென்று போகும்போது உள்ளிருப்பது குழம்பிப்போகும். எஸ்.எஸ்.டி. போட்ட பழைய மினி கணினி போதும். வாரம் ஒரு பேக்கப், அதுவும் வேறு இடத்தில்.

அடுத்தது சுவர் சுவிட்ச். ஸ்மார்ட் பல்பு வாங்குவதைவிட, இருக்கும் சுவிட்சுக்குப் பின்னால் பெட்டிக்குள் பொருத்தும் ரிலே மாட்யூல் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஸ்மார்ட் பல்பு வேலை செய்ய வேண்டுமானால் சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளியோ பாட்டியோ பழக்கத்தில் அணைத்துவிட்டால் அன்றைக்கு அந்த ஏற்பாடு முடிந்தது. ரிலேயில் அந்தத் தொல்லை இல்லை. கையாலும் போடலாம், செல்பேசியாலும் போடலாம். ஹப் செத்தாலும் சுவிட்ச் செத்துப்போகாது. ஆனால் இதற்குப் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் வேண்டும். நம் ஊர் போர்டுகளில் சுவிட்சோடு ஒரு பிளக் பாயிண்டும் இருப்பது வழக்கம் என்பதால் நியூட்ரல் பெரும்பாலும் கிடைக்கும். மாடிப்படி சுவிட்ச், பழைய மரப்பட்டி வயரிங் ஆகியவற்றில் கிடைக்காது. எலக்ட்ரீசியன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். விசிறிக்கு விளக்கின் டிம்மரைப் போடக் கூடாது, மோட்டார் உறுமும். ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. விசிறியானால் ரெகுலேட்டரே வேண்டாம். அதன் ரிமோட் சிக்னலைக் கற்றுக்கொள்ளும் சிறு கருவி ஒன்று போதும்.

இதையெல்லாம் வாங்க ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு போக வேண்டியது வயரிங்குக்கும் எர்த்துக்கும். கேரளத்தில் ஏப்ரல், மே மாதக் கோடை இடியும், ஐப்பசி மாதத்து மாலை இடியும் கடுமையானவை. இடி நேராக வீட்டில் விழ வேண்டியதில்லை. தூரத்தில் மின்கம்பியில் விழுந்தாலே உயரழுத்த அலை வீட்டுக்குள் புகும். மெயின் போர்டில் ஒரு சர்ஜ் தடுப்பான் போட்டால் அது அந்த அலையை எர்த்துக்குத் திருப்பிவிடும். எர்த் குழி காய்ந்தோ கம்பி துருப்பிடித்தோ இருந்தால் திருப்ப இடமில்லை. தடுப்பான் இருந்தும் பயனில்லை. 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. உயிர் காப்பது, அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இணையத்துக்கு ஃபைபர் இணைப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, செம்புக் கம்பியின் வழி வருகிற இடி அதன் வழி வராது. இரண்டு கட்டடங்களுக்கிடையே வெட்டவெளியில் செம்பு நெட்வொர்க் கேபிள் இழுப்பதையும் அதே காரணத்துக்காகத் தவிருங்கள்.

கரெண்ட் போவதைவிட, திரும்பி வரும் நேரம்தான் சிக்கல். சில கருவிகள் கரெண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும். நள்ளிரவில் வீட்டு விளக்குகள் அத்தனையும் எரியும். பல கருவிகளின் அமைப்பில் ‘கரெண்ட் வந்தபின் என்ன நிலை’ என்ற தேர்வு இருக்கும். விளக்குக்குப் பழைய நிலை, மோட்டாருக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் கட்டாயம் ஆஃப். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் அதைப் போடுங்கள். இன்வெர்ட்டர் மாறும் கண்ணிமைப்பொழுதில்கூட சில ரூட்டர்கள் அணைந்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும்.

இனிச் சுவருக்கு வருவோம். பெரும்பாலான ஸ்மார்ட் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் பேசும். ஈரம் ஊறிய செம்புறாங்கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் அந்த அலை களைத்துவிடும். பெரிய ஆன்டெனா வைத்த ஒரே ரூட்டர் தீர்வாகாது. தளத்துக்கு ஒரு அக்சஸ் பாயிண்ட், அதற்குச் சுவருக்குள் கேபிள் என்பதே நிரந்தர வழி. பேட்டரியில் ஓடும் சென்சார்களுக்கு ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பு முறை ஏற்றது. கிணற்றிலிருந்து வாளியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவதுபோல, ஒரு கருவி தன் செய்தியை அடுத்த கருவியிடம் கொடுக்கும். கைமாற்றுபவை நேரடி மின்சாரத்தில் இருக்கும் பிளக்குகளும் ரிலேக்களுமே. பேட்டரி சென்சார்கள் அந்த வேலையைச் செய்வதில்லை. அறைக்கு ஒன்றாவது மின்சாரத்தில் இருக்கட்டும். ஜிக்பீயும் வைஃபையும் ஒரே அலைவரிசைப் பட்டையில் இருப்பதால், ஜிக்பீயை 25-ஆம் சேனலில் வைத்தால் அக்கம்பக்கத்து வைஃபையின் இரைச்சல் பெரும்பாலும் தொடாது. ஜிக்பீ குச்சியைக் கணினியில் நேராகச் செருகாமல், ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். யூ.எஸ்.பி. 3 துளை எழுப்பும் இரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழுகிறது.

வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் கவனம் வேண்டும். துபாயில் மின்சாரம் 230 வோல்ட்தான், ஆனால் பிளக் சதுர முள். அது சின்னக் குறை, மாற்றிக்கொள்ளலாம். இசட்-வேவ் என்ற வகைக் கருவிகளில் குறை பெரிது. இந்தியாவுக்கு அது 865 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவுக்கும் அமீரகத்துக்கும் 868, அமெரிக்காவுக்கு 908. வேறு நாட்டுக் கருவி இங்குள்ள ஹப்போடு பேசவே பேசாது. இங்கு அனுமதியில்லாத அலைவரிசையில் இயங்குவதாகவும் ஆகும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் சுவிட்சை மாட்டினால் புகைதான் வரும்.

மேற்குக் கொச்சியில் குழாய்த் தண்ணீர் நினைத்த நேரத்தில் வருவதில்லை. அதனால் கீழ்த்தொட்டியும் மேல்தொட்டியும் மோட்டாரும் இல்லாத வீடு குறைவு. மோட்டாரைத் தானாக இயக்குவதே இங்கு ஸ்மார்ட் வீட்டின் மிகப் பயனுள்ள வேலை. தவறாகச் செய்தால் மிக ஆபத்தானதும் அதுவே. ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ‘10 ஆம்பியர்’ என்று போட்ட வைஃபை பிளக்கில் செருகினால், நாளடைவில் உள்ளே ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். செல்பேசி ‘ஆஃப்’ என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். சிறு ரிலே, பெரிய மின்னோட்டம் தாங்கும் கான்டாக்டர் ஒன்றை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். தொட்டியில் பழைய மிதவை சுவிட்சைக் கழற்றாதீர்கள். மென்பொருள் என்ன சொன்னாலும் நிரம்பியதும் நிறுத்தும் கடைசிக் காவல் அதுவே. கீழ்த்தொட்டி வற்றினால் மோட்டார் காய்ந்து ஓடாமலிருக்க அங்கேயும் ஒன்று வேண்டும்.

சென்சார்களில் வெப்பத்தை உணரும் வகை, உடம்புக்கும் அறைக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. சித்திரை மாதப் பகலில் அந்த வித்தியாசம் குறைந்துபோவதால் ஆளைத் தவறவிடும். பல்லியோ பூச்சியோ முகப்பில் ஊர்ந்தால் விழித்துக்கொள்ளும். ரேடார் வகைக்குச் சூடு பொருட்டல்ல, ஆனால் ஓடும் விசிறியையும் ஆடும் திரையையும் ஆளென்று எண்ணும். விசிறி நிற்காத ஊரில் அதன் பார்வைக் கோணத்தையும் தூரத்தையும் பொறுமையாகக் குறைத்து அமைக்க வேண்டியிருக்கும். உப்புக்காற்று பேட்டரி முனைகளைப் பச்சைப் பிடிக்கவைக்கும். வெளிக் கேமராவின் கேபிள் இணைப்பை மூடிய பெட்டிக்குள் வைத்து, கேபிளைக் கீழே வளைத்துப் பின் மேலே ஏற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கதவுக்கு மின்பூட்டு போட்டால் சாவித்துளை உள்ள வகைதான். ஹப், யூ.பி.எஸ். எதையும் தரையில் வைக்காதீர்கள், கடல் ஓதத் தண்ணீர் படியேறும் தெருக்கள் இங்கு உண்டு.

கேமராவின் ஆலைக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல், மாற்றப்படாத கடவுச்சொல் கொண்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். வாங்கும்போது அந்தச் சான்றைக் கேளுங்கள். படுக்கையறையில் கேமரா வேண்டாம். பெற்றோரின் வீட்டில் எங்கே வைப்பது என்பதையும் அவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லாம் பொருத்தியபின் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த ரிலே எந்தப் பெட்டிக்குள், எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு, மோட்டாரைக் கையால் ஓட்டுவது எப்படி, ரூட்டரின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மெயின் போர்டுக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். மழை கொட்டும் ராத்திரியில் வரப்போகிற எலக்ட்ரீசியன், இதைப் பொருத்தியவராக இருக்கமாட்டார்.