உயர்த்திய ஜீப்பும் இயக்கத் தண்டின் கோணமும்

ஜீப் வண்டியின் எஞ்சின் முன்புறத்தில் இருக்கிறது. அதன் விசை கியர்ப் பெட்டியைக் கடந்து, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பங்கிட்டுத் தரும் டிரான்ஸ்பர் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டு செல்வது ஓர் எஃகுக் குழாய். அதனை இயக்கத் தண்டு என்போம். பட்டறைகளில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பர். பெட்டிகள் வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டவை. பின் அச்சோ மேடு பள்ளங்களுக்கு ஏற்ப ஏறி இறங்குவது. ஆகவே தண்டின் இரு முனைகளிலும் வளைந்து கொடுக்கும் மூட்டு வேண்டும். சிலுவை வடிவான துண்டு ஒன்றை இரு கவைகள் பற்றிக்கொண்டிருக்கும் இம்மூட்டை யூனிவர்சல் ஜாயின்ட் என்பர். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயராலும் இது வழங்குகிறது.

இம்மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. வளைந்த நிலையில் அது சுழற்சியைக் கடத்தும். ஆனால் சீராகக் கடத்தாது. இதனை நீங்களே கண்டு தெளியலாம். வட்டமான அட்டை ஒன்றில் கடிகாரத்தைப் போலப் பன்னிரண்டு கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்து, சற்றே சாய்த்துப் பாருங்கள். வட்டம் நீள்வட்டமாகத் தோன்றும்; கோடுகள் சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் விலகியும் காணப்படும். சாய்ந்த மூட்டில் நிகழ்வதும் இதுவே. முதல் தண்டு சம வேகத்தில் சுழன்றாலும், இரண்டாவது தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை விரைந்து, இரு முறை தளர்ந்து சுழலும். கோணம் மிக மிக இந்த ஏற்றத்தாழ்வும் மிகும்.

அப்படியாயின் வண்டி எவ்வாறு அதிர்ச்சியின்றி ஓடுகிறது? மேல் மூட்டு செய்யும் பிழையைக் கீழ் மூட்டு எதிர்ப்பிழை செய்து ஈடுகட்டுகிறது. இதற்கு இரு நிபந்தனைகள் உண்டு. இரு மூட்டுகளின் கோணமும் சமமாக இருத்தல் வேண்டும். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைதல் வேண்டும். டிரான்ஸ்பர் பெட்டியின் வெளித்தண்டும், பின் அச்சிலுள்ள பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் முதல் நிபந்தனை நிறைவேறும். இரண்டாவதன் பொருட்டே, தண்டைக் கழற்றுமுன் தேர்ந்த தொழிலாளி அதில் அடையாளம் இட்டுக்கொள்கிறார். கவைகளைத் தொண்ணூறு பாகை மாற்றிப் பூட்டிவிட்டால், பிழைகள் ஒன்றையொன்று கழிப்பதற்கு மாறாக ஒன்றோடொன்று கூடிவிடும்.

அமெரிக்க நாட்டில் யூட்டா மாநிலத்து மோவாபின் பாறை வழிகளிலும், கலிபோர்னியாவின் ரூபிகான் பாதையிலும் ஜீப் ஓட்டுவோர், பாறை தட்டாதிருக்கவும் பெரிய டயர் பூட்டவும் வில்களை மாற்றி வண்டியை உயர்த்துகின்றனர். அப்போது பெட்டி மேலே போகிறது. அச்சு கீழேயே நிற்கிறது. தண்டு 50 செ.மீ. நீளமுள்ளது என்றும், அதன் முனைகளின் உயர வேறுபாடு 10 செ.மீ. என்றும் கொள்க. சாய்வு சுமார் 11½ பாகை. வண்டியை மேலும் 10 செ.மீ. உயர்த்தினால் அது சுமார் 23½ பாகையாகும். தண்டு ஒரு மீட்டர் நீளமிருந்தால், அதே உயர்வுக்குப் பின்னும் சாய்வு 11½ பாகையே. குறுகிய வண்டிகளுக்கே இத்தொல்லை மிகுதி என்பது இதனால் விளங்கும். 1941இல் வெளிவந்த வில்லிஸ் ஜீப்பின் முன் பின் அச்சுகளுக்கிடையே இருந்த தூரம் 80 அங்குலம் மட்டுமே.

இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. கீழ் மூட்டு அதிகமாக வளைந்திருக்கிறதே என்று, அச்சைத் திருப்பிப் பினியனைத் தண்டுக்கு நேராக நிமிர்த்திவிடத் தோன்றும். பார்வைக்கு அது அழகாகவே இருக்கும். ஆனால் கீழ்க்கோணம் இல்லாமற் போயிற்று. மேல் மூட்டின் 23½ பாகையோ அப்படியே நிற்கிறது. ஈடுகட்டுவார் இல்லாத அப்பிழை முழுவதும் பின் அச்சைச் சேரும். பெட்டியின் தண்டு நிமிடத்திற்கு 100 சுற்று வேகத்தில் சுழலும்போது, பினியனின் வேகம் சுமார் 92க்கும் 109க்கும் இடையே ஊசலாடும். வேகமாக ஓட்டும்போது இது கடும் அதிர்வாகி மூட்டையும் தாங்கிகளையும் தேய்க்கும். செங்குத்தான சரிவில் மூட்டு முறிந்தால், பின்சக்கரங்களுக்கு எஞ்சினின் உந்துதலும் இல்லை. எஞ்சின் பிடித்து நிறுத்தும் உதவியும் இல்லை. விளையாட்டாகத் தொடங்கியது உயிருக்கு ஆபத்தாக முடியும்.

செய்யத்தக்கது யாது? வண்டி தன் சக்கரங்களின் மீது சமதரையில் நிற்கையில், கோணமானியால் மூன்று தண்டுகளின் சாய்வையும் முதலில் அளத்தல் வேண்டும். உயர்வு சிறிதாயின், வில்லுக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்து இரு கோணங்களையும் சமமாக்கலாம். டிரான்ஸ்பர் பெட்டியைச் சற்றே தாழ்த்திக் கோணங்களைக் குறைக்கலாம். உயர்வு பெரிதாயின் இது போதாது. கோணங்கள் சமமாக இருந்தாலும், நடுத்தண்டு மட்டும் விரைந்தும் தளர்ந்தும் சுழன்று அதிர்ந்துகொண்டே இருக்கும். அப்போது மேல் முனையில் இரட்டை மூட்டு பூட்டுவர். அது கோணத்தை இரு சம பாகமாக்கித் தன் பிழையைத் தானே கழித்துக்கொள்ளும். இனிக் கீழ் மூட்டுக்கு ஈடு செய்ய வேண்டிய பிழை எதுவுமில்லை. ஆகவே பினியனைத் தண்டை நோக்கி நிமிர்த்துவதே இப்போது முறை. ஓட்டத்தில் விசையின் முறுக்கால் பினியன் சற்று மேலெழும். அதற்காக ஓரிரு பாகை தாழ்த்தி வைப்பர்.

ஒற்றை மூட்டில் தவறாயிருந்த அதே செயல் இரட்டை மூட்டில் சரியாகிவிட்டது பாருங்கள். செயலை மட்டும் மனப்பாடம் செய்தவன் ஒரு வண்டியில் வென்று மற்றொன்றில் தோற்பான். காரணத்தை அறிந்தவன் இரண்டிலும் வெல்வான். நீங்கள் வகுப்பில் கற்கும் கோசைன் அட்டவணை, கரடுமுரடான மலைப்பாதையில் ஒருவருடைய உயிரைக் காக்கவும் உதவும்.