ஆறடி நூல், பத்து விரல்

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சரவாக்கில் இருந்த காலம். ஒரு மழை நாளில், டாயாக் மக்களின் வீடொன்றில் பையன்கள் அவரைச் சூழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக ஏதாவது காட்டலாம் என்று ஒரு நூலை எடுத்து விரல்களில் மாட்டித் தமக்குத் தெரிந்த வடிவங்களைச் செய்தார். பையன்களுக்கு அது புதிதாக இல்லை. அவருடைய சரக்கு தீர்ந்ததும் ஒருவன் நூலைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, அவருக்குப் பிடிபடாத வடிவங்களைச் செய்து காட்டினான். 1869இல் வெளிவந்த ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்ற தம் புத்தகத்தில் வாலஸே இதை வியப்போடு எழுதியிருக்கிறார்.

மலேசியாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பையன் அந்நியன் அல்ல. பால் வெட்டிவிட்டு வந்த அம்மா அசந்து தூங்கும் மத்தியான நேரம். லயத்து அஞ்சடியில் அக்கா உட்கார்ந்து, சாக்கு தைக்கும் சணலையோ பழைய பாவாடை நாடாவையோ முடிந்து விரல்களில் மாட்டுவாள். கட்டில் வரும், வலை வரும், நட்சத்திரம் வரும். இழுத்தால் எல்லாம் மறைந்து வெறும் நூல் மிஞ்சும். காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இல்லாததால்தான் இந்த விளையாட்டு தோட்டத்தில் நிலைத்தது என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்கள் இப்போதே கற்றுக்கொள்ளலாம். ஆறடி நூலின் இரு முனைகளையும் முடிந்து வளையமாக்குங்கள். நைலான் வழுக்கும், சணல் உரசும். பருத்திக் கயிறுதான் கைக்கு இதம். இரு கைகளின் கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் வளையத்தை மாட்டி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி விரித்துப் பிடியுங்கள். ஒவ்வோர் உள்ளங்கையிலும் ஓர் இழை குறுக்கே ஓடும். வலது ஆட்காட்டி விரலால் இடது உள்ளங்கை இழையை அடியிலிருந்து எடுத்து இழுங்கள். பிறகு இடது ஆட்காட்டி விரலை, வலது ஆட்காட்டி விரலில் விழுந்திருக்கும் கண்ணிக்குள் நுழைத்து, வலது உள்ளங்கை இழையை எடுங்கள். உலகின் பல பகுதிகளில், எத்தனையோ வடிவங்களுக்கு இதுதான் தொடக்கம்.

இனி கட்டைவிரல்களை ஆட்காட்டி விரல் இழைகளுக்கு மேலாக நீட்டி, சுண்டுவிரல் இழைகளில் நமக்குக் கிட்டே இருப்பதை அடியிலிருந்து எடுத்துத் திரும்புங்கள். கட்டைவிரல் ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணிகள் இருக்கும். கீழ்க் கண்ணியைப் பல்லால் கவ்வி, மேல் கண்ணியைத் தாண்டிக் கழற்றிவிடுங்கள். சுண்டுவிரல்களை விடுவித்து, கட்டைவிரல்கள் மேலே நிற்கும்படி கைகளை விரியுங்கள். கோப்பையும் அதன் தட்டும் தெரியும். கோப்பையின் விளிம்பு இழையைப் பல்லால் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல்களை விட்டுக் கைகளைக் கீழே இறக்கினால் கோபுரம் எழும்பும்.

சிக்கினாலும் கவலை வேண்டாம். வளையத்தில் முதலில் போட்ட முடிச்சைத் தவிர வேறு முடிச்சு விழ வழியே இல்லை. எவ்வளவு சிக்கலான வடிவமானாலும் அவிழ்ந்து பழைய வளையமாகத்தான் வரும். கணிதம் படித்தவர்களுக்கும் இதனால் இதில் ஈர்ப்பு உண்டு.

இதை எழுத்தில் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பது மேலே உள்ள இரண்டு பத்திகளைப் படித்தவர்களுக்கே விளங்கியிருக்கும். அறிஞர்களும் அதே பாடுதான் பட்டார்கள். ஃபிரான்ஸ் போவாஸ் 1888இல் எஸ்கிமோ மக்களின் நூல் வடிவங்களை விவரித்தார். 1902இல் ஹேடன், ரிவர்ஸ் என்ற இருவர் ஒவ்வோர் இழைக்கும், விரலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பெயர் கொடுத்து ஒரு குறிப்பு முறையை வகுத்தார்கள். கரோலின் ஃபர்னஸ் ஜெய்ன் 1906இல் நூற்றுக்கணக்கான படங்களோடு பெரிய புத்தகம் போட்டார். மூன்றே ஆண்டில் அவர் இறந்துபோனார். புத்தகம் இன்றும் கைகளில் இருக்கிறது.

இந்தியப் பக்கம் வந்தால் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவர். சங்கு பற்றியும் படகுகள் பற்றியும் விரிவாக எழுதியவர். ஃபிஜித் தீவுகளின் நூல் வடிவங்களை 1927இலும், குஜராத், கத்தியவார் வடிவங்களை 1932இலும் வெளியிட்டார். மீன்துறை அதிகாரி ஒருவர் பிள்ளைகள் விளையாட்டை இவ்வளவு மதித்தாரே என்று எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

கோலா சாவாப் பிள்ளைகளின் விரல்களில் இருந்ததை நாம்தான் பதிய வேண்டும். கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் இருந்தவர்கள் தாமானுக்குக் குடிபெயர்ந்தார்கள். நூல் மாட்டத் தெரிந்த அக்காமார்கள் இன்று பாட்டிகள். அவர்களுக்கு வாயால் சொல்ல வராது. நூலைக் கையில் கொடுத்தால் விரல் சொல்லும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பாட்டிக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள். எதிரே இருந்தால் இடம் வலம் மாறிக் குழம்பும். பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்காரட்டும். கைப்பேசியையும் பாட்டியின் தோளுக்குப் பின்னாலிருந்து பிடித்து, அவர் கண்ணுக்குத் தெரிவதுபோலவே கைகளைப் படம் எடுங்கள். வடிவத்துக்கு அவர் சொல்லும் பெயர், யாரிடம் கற்றார், எந்தத் தோட்டத்தில் என்ற மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்யுங்கள்.