எமனின் பாட்டு மறப்பதில்லை

புதுச்சேரி உப்பளத்திலிருந்து வடக்கே நகரைக் கடந்து போனால் கருவடிக்குப்பம். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி அங்கேதான் இருக்கிறது. 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922 நவம்பர் 13 அன்று புதுவையில் காலமானார்.

அவருடைய ‘சத்தியவான் சாவித்திரி’யில், கணவன் உயிரைக் கொண்டுபோக வந்த எமனோடு ஒரு பெண் பாட்டாலேயே தர்க்கம் செய்கிறாள். பிள்ளை வரம் கொடுத்துவிட்ட எமன், கணவன் இல்லாமல் அது எப்படிப் பலிக்கும் என்று அவள் மடக்கியதும் வாயடைத்து நிற்கிறான். பள்ளிக்கூடம் போகாதவர்களும் இத்தகைய தர்க்கப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடினார்கள். எப்படி முடிந்தது?

முதல் காரணம் ஓசை. 1989-இல் டேவிட் ரூபினும் வாண்டா வாலஸும் ஒரு சோதனை செய்தார்கள். மனத்தில் வைத்திருந்த சொல்லுக்குப் பொருள் குறிப்பு மட்டும் தந்தபோது 14 விழுக்காடும், ஒத்த ஓசை மட்டும் தந்தபோது 19 விழுக்காடும் சரியான விடை வந்தது. இரண்டையும் சேர்த்துத் தந்ததும் 97 விழுக்காடு! நம் பாட்டில் எதுகையும் மோனையும் செய்வது இதைத்தான். கதை ஒரு பக்கம் நெருக்க, ஓசை மறுபக்கம் நெருக்க, நாவில் வரக்கூடிய சொல் ஒன்றே ஒன்றாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம் அச்சம். சுவாமிகள் எமனாக மேடையேறியதைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கருக்கலைந்தது என்று நாடக உலகில் வழிவழியாகச் சொல்கிறார்கள். நடிப்புதான் என்று அறிவு சொன்னாலும் உடம்பு கேட்பதில்லை, அட்ரினலின் சுரக்கிறது. அந்தக் கிளர்ச்சி மூளையின் அமிக்டலாவை எட்ட, அது ஹிப்போகாம்பஸில் பதியும் நினைவை அழுத்தமாக்குகிறது. 1994-இல் கலிஃபோர்னியாவில் லாரி கேஹிலும் ஜேம்ஸ் மெக்காவும் அட்ரினலினைத் தடுக்கும் மருந்தைச் சிலருக்குக் கொடுத்து, மனத்தை உலுக்கும் கதை ஒன்றைச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கதையின் உருக்கமான பகுதி கூடுதலாக நினைவிருந்தது. மருந்து உண்டவர்களுக்கு அந்தக் கூடுதல் இல்லை.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் இப்படிப் பதிந்த நினைவின் பலனைக் காணலாம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து, விடிய விடிய சுவாமிகளின் நாடகங்களை நடத்துகிறார்கள். பாட்டு எல்லோருக்கும் பாடம் என்பதால் ராஜபார்ட்டின் கேள்விக்கு ஸ்திரீபார்ட்டின் பதில் தயாராக இருக்கிறது.

ஆகவே இந்த நாடகங்களை அச்சிட்டு வைத்தால் மட்டும் போதாது. ஆர்மோனியமும் எமனின் குரலும் சேரும் மேடையில்தான் சாவைப் பற்றிய அந்தச் சொற்கள் நமக்குள் பதிகின்றன. அந்த மேடையை வாழவைப்பது நம் கடமை.