பழைய நாடாக்களில் பதிந்திருப்பவை

பொப்பிசை என்றதும் எங்கள் அம்மாமாருக்கு ஏ. ஈ. மனோகரனின் பெயர் நினைவுக்கு வரும். பிரித்தானியாவில் அதே வயதுடைய பெண்களைக் கேட்டால் 'ரொப் ஒஃப் த பொப்ஸ்' என்பார்கள். பிபிசி தொலைக்காட்சியில் 1964 ஜனவரி 1ஆம் திகதி தொடங்கி 2006 ஜூலை வரை ஒளிபரப்பான இசை நிகழ்ச்சி அது. அந்தந்த வாரம் கூடுதலாக விற்பனையான இசைத்தட்டுகளின் பாடகர்கள் வந்து பாடுவார்கள். கலையகத்தில் கூடியிருக்கும் இளவயதினர் ஆடுவார்கள்.

2011 ஏப்ரலில் பிபிசியின் நான்காம் அலைவரிசை, 1976ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை 35 வருடங்களின் பின்னர் வாரம் ஒன்றாக மீண்டும் ஒளிபரப்பத் தொடங்கியது. அதற்கு முந்திய காலத்து நிகழ்ச்சிகள் பல இன்று இல்லை. வீடியோ நாடா விலை கூடியது என்பதால், ஒருமுறை ஒளிபரப்பியதை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிவு செய்தார்கள். 1966இல் பீட்டில்ஸ் குழுவினர் நேரில் வந்து பாடியதும் அப்படியே போயிற்று. 1973 ஜனவரியில் டேவிட் போவி பாடிய ஒரு பாடல் மட்டும் தப்பியது. அன்று கமரா இயக்கியவர் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். 2011 டிசம்பரில் அது மறுபடி ஒளிபரப்பானது. இடப்பெயர்வின்போது கலியாணப் பட அல்பத்தையும் விட்டுவிட்டு ஓடிவந்த பெண்களுக்கு, அந்தப் பிரதியின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

ஆனால் எஞ்சிய நாடாக்களில் பாட்டோடு வேறொன்றும் பதிவாகியிருந்தது.

நிகழ்ச்சியின் முதலாவது அறிவிப்பாளர் ஜிமி சவில். தரும காரியங்களுக்கு நிதி சேர்த்துப் புகழ்பெற்றவர், 'சேர்' பட்டம் பெற்றவர். 2011 ஒக்டோபரில் இறந்தார். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் ஐரிவி ஒளிபரப்பிய விவரணப் படமொன்றில், சிறுமியராக இருந்தபோது அவர் தமக்கு இழைத்த பாலியல் கொடுமைகளைப் பெண்கள் வெளியே சொன்னார்கள். அதன்பின் நூற்றுக்கணக்கானோர் பொலிஸாரிடம் சென்றனர். நீதிபதி டேம் ஜனட் ஸ்மித் 2016 பெப்ரவரியில் வெளியிட்ட விசாரணை அறிக்கையின்படி, பிபிசியோடு தொடர்புபட்டு மட்டும் அவரால் பாதிக்கப்பட்டோர் 72 பேர்.

இவ்வளவு காலமும் ஏன் பேசாமல் இருந்தார்கள் என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அவர்களுக்கு 1976இல் ஒளிபரப்பான ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். சவில் அறிவிப்புச் செய்துகொண்டே பக்கத்திலிருந்த பெண்ணைத் தகாத முறையில் தொடுகிறார். அவள் துள்ளி விலகுகிறாள். அவர் பகிடி விடுகிறார். நாடு முழுவதும் வீட்டு மண்டபங்களில் இருந்து அதைப் பார்த்தது. சாட்சிக்குக் குறைவிருக்கவில்லை. எல்லாரும் கண்ட பின்னரும் அது குற்றமாகத் தெரியவில்லை என்றால், ஆடை மாற்றும் அறையில் தனியாக அகப்பட்ட சிறுமி யாரிடம் போய்ச் சொல்வாள்? பிரபலங்கள் மீது முறையிட ஊழியர்களே அஞ்சிய சூழல் அங்கு இருந்ததாக அதே அறிக்கை கூறுகிறது.

2012 ஒக்டோபரின் பின்னர் சவில் அறிவிப்பாளராக வந்த நிகழ்ச்சிகளை பிபிசி மறு ஒளிபரப்பிலிருந்து விலக்கியது. அந்த வாரங்களில் பாடிய பாடகர்கள் என்ன பிழை செய்தார்கள் என்று இசைப்பிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும், இரவுச் சமையலை முடித்துவிட்டுத் தொலைக்காட்சியின் முன் வந்து அமரும் ஒரு பெண், 14 வயதில் தன்னைக் கெடுத்தவன் பாட்டுகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டு நிற்பதைக் காண நேர்ந்தால்? ஒரு பாட்டை இன்னொரு முறை கேட்பதைவிட அவளது நிம்மதி பெரிது என்பது என் எண்ணம்.

அதற்காக நாடாவை அழித்துவிடலாம் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பொழுதுபோக்காகக் காட்டக்கூடாததைச் சான்றாகப் பேண வேண்டியிருக்கிறது. 1976இன் அந்தச் சில விநாடிகள் அழிந்துபோயிருந்தால், அந்தப் பெண்ணின் சொல்லுக்கு எதிராக ஒரு 'சேர்' பட்டக்காரரின் புகழ் மட்டுமே எஞ்சியிருக்கும். சவில் விவகாரம் வெளிவந்தபோது செய்திகளில் அந்தக் காட்சி மீண்டும் காட்டப்பட்டது. அந்தப் பெண்ணும் முன்வந்து, அன்று தனக்கு நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னார்.