பயிரின் இழையங்களும் அவற்றின் தொழில்களும்

வாடி நிற்கும் கத்தரிக்கு நீர் இறைத்தலும், மஞ்சள் நிறமடைந்த நெல்லுக்கு யூரியா இடுதலும் கமக்காரர் பலரின் வழக்கமாகும். சில வேளைகளில் இவை நற்பயன் தரும். வேறு சில வேளைகளிலோ பணத்தையும் பயிரையும் ஒருங்கே இழக்கச் செய்யும். எப்பொழுது எது பொருந்தும் என்பதைத் துணிவதற்குப் பயிரின் உடலமைப்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இழையம் என்பது யாது?

பயிரின் உடல், கலங்கள் எனப்படும் மிக நுண்ணிய அறைகளால் ஆயது. குறித்த தொழிலைக் கூடிச் செய்யும் கலங்களின் தொகுதி இழையம் எனப்படும். இலையின் பச்சைப் பகுதியில் உணவு ஆக்குவதும், உருளைக்கிழங்கிலும் வெங்காயத்திலும் உணவைச் சேமிப்பதும் புடைக்கலவிழையமாகும். ஏனைய முக்கிய இழையங்கள் வருமாறு:

1. பிரியிழையம்

புதிய கலங்களைப் பிறப்பிப்பது இவ்விழையமே. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் பிரதான வளர்முனை தண்டின் நுனியில் வெளிப்படையாக உள்ளது. இளநெல்லிலோ அது நிலமட்டத்தை அண்டி, இலைமடல்களுக்குள் மறைந்து கிடக்கும். ஆகையால் இளம்பருவத்தில் புழுக்கள் நெல்லின் இலைகளைச் சிறிதளவு தின்றாலும், வளர்முனை பழுதுறாதிருப்பின் பயிர் மீண்டும் தளிர்க்கும். அதற்கென விரைந்து நஞ்சு தெளித்தல் பெரும்பாலும் வேண்டியதில்லை.

தண்டு துளைக்கும் புழுவின் தாக்கம் இதனின்றும் வேறானது. அப்புழு தண்டினுள் புகுந்து உள்ளிழையங்களைத் தின்பதால் நடுக்குருத்துக் காய்ந்துவிடும். இழுத்தால் அது எளிதிற் கையோடு வரும். மட்டம் வெடிக்கும் பருவத்தில் இது நேர்ந்தால், புதிய மட்டங்கள் தோன்றி இழப்பை ஓரளவு ஈடு செய்யும். கதிர் வெளிவரும் பருவத்தில் நேர்ந்தால், மணி பிடியாத வெண்கதிரே எஞ்சும். வெண்கதிரைக் கண்டபின் மருந்து தெளிப்பதால் அக்கதிரை மீட்டல் இயலாது.

2. காழ்

வேர் உறிஞ்சும் நீரையும் உப்புக்களையும் இலைக்கு ஏற்றிச் செல்லும் குழாய்த் தொகுதி காழ் எனப்படும். பற்றீரியா வாடல் நோயில், கிருமிகள் வேர்வழியே புகுந்து காழில் பெருகி நீரின் வழியை அடைத்துவிடும். நிலம் ஈரமாயிருக்கவும் செடி பசுமை மாறாது வாடுவது இதனாலேயாம். இந்நிலையில் நீர் இறைத்தாற் செடி பிழையாது. வாய்க்கால் நீரோடு கிருமிகள் அடுத்த செடிகளுக்கும் பரவும்.

இந்நோயை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் நீரிற்படுமாறு தொங்கவிடுக. சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால் போன்ற இழை இறங்குமாயின் நோய் பற்றீரியா வாடலாகும். அச்செடிகளை வேரோடு அகற்றி அழித்தல் வேண்டும். அந்நிலத்தில் அடுத்த போகங்களிற் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்த்து, நெல் அல்லது சோளம் செய்தல் நன்று.

3. உரியம்

இலையில் ஆக்கப்பட்ட உணவை வேருக்கும் மணிக்கும் காய்க்கும் கொண்டு செல்வது உரியம் ஆகும். கபிலநிறத் தத்தி நெல்லின் அடித்தண்டில் இருந்து இவ்வுரியச் சாற்றையே உறிஞ்சுகின்றது. வயலில் ஆங்காங்கே வட்டமாகப் பயிர் மஞ்சளித்துப் பின் எரிந்தாற்போலக் காய்வது இதன் குறியாகும். இதனை உரக் குறைவெனக் கருதி யூரியா இடின், தத்தி மேலும் பெருகும். பயிரை விலக்கி அடித்தண்டைப் பார்த்தல் வேண்டும். தத்தி காணப்படின் யூரியாவை நிறுத்துக. வயல்நீரைச் சில நாட்களுக்கு வடிய விடுக. சிலந்திகள் தத்திகளைத் தின்பவை. ஆதலால், ஆராயாது நஞ்சு தெளித்து அவற்றைக் கொல்லலாகாது.

4. மேற்றோலும் தாங்கும் இழையமும்

மேற்றோல் பயிரின் போர்வையாகும். நெல்லின் மேற்றோலிற் படியும் சிலிக்கா இலையை விறைப்பாக வைத்து, நோயையும் பூச்சியையும் ஓரளவு தடுக்கும். தடித்த சுவருடைய கலங்களாலான தாங்கும் இழையம் தண்டை நிமிர்த்தி நிறுத்தும். யூரியா மிகுந்தால் தண்டு நீண்டு மென்மையாகி, கதிர்ப் பாரத்தாற் பயிர் சாயும். வைக்கோலை எரியாது வயலிலேயே இட்டு உக்கவிடின், சிலிக்காவும் பொட்டாசியமும் மண்ணுக்கு மீளும்.

5. காற்றறை இழையம்

நெல்லின் வேரிலும் தண்டிலும் உள்ள காற்றறைகள் இலைவழி வந்த காற்றை வேருக்குச் செலுத்துகின்றன. ஆதலாலேயே நெல் நீரில் நின்று வாழ்கின்றது. மிளகாய்க்கும் தக்காளிக்கும் இவ்வசதி போதியளவு இல்லை. நீர் தேங்கினால் அவற்றின் வேர் மூச்சின்றி அழுகும். நெல்வயலில் மரக்கறி செய்வோர் உயர்ந்த பாத்தியும் வடிகாலும் அமைப்பது இக்காரணம் பற்றியேயாகும்.

ஆகவே, பயிர் வாடினாலும் மஞ்சளித்தாலும், உரமோ மருந்தோ வாங்குமுன் ஒரு செடியைப் பிடுங்கி, தண்டைப் பிளந்து, வேரையும் அடியையும் நோக்குதல் வேண்டும். பழுதுற்றது எவ்விழையம் என்று தெரிந்தால், செய்யத்தக்கதும் தகாததும் தாமே புலப்படும். ஐயம் எழுமாயின், அச்செடியைத் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுக.