சிறுதேரும் மீட்பு வண்டியும்



ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவத்திற்குச் ‘சிறுதேர்’ என்று பெயர். நடை பழகி ஓடத் தொடங்கிவிட்ட சிறுவன், சிறியதொரு தேரை உருட்டி விளையாடும் பருவம் அது. அதனினும் மிகப் பழமையான பெரும்பாணாற்றுப்படையிலும், தச்சர் புனைந்த விளையாட்டுத் தேரை உருட்டித் திரியும் சிறுவரைக் காண்கின்றோம். ஊரில் தேர் ஓடிய காலத்துப் பிள்ளைகள் தேரைச் சிறிதாக்கி விளையாடினர். லாரி ஓடும் இக்காலத்துப் பிள்ளைகள் லாரியைச் சிறிதாக்குகின்றனர். இதில் வெறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், இவ்வளவு எளிய உண்மையை நான் உணர்வதற்கு ஒரு குற்றம் செய்யவேண்டியிருந்தது. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் வடகரப்பதி, பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர் வட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊராட்சி. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் இங்கு மிகுதி. பனைமரங்கள் நிறைந்த பகுதியாதலால், நான் சிறுவனாயிருந்த நாளில் எங்கள் வாகனம் நுங்கு வண்டியே. நுங்கு தின்றபின் எஞ்சும் இரண்டு காய்களை ஒரு குச்சியின் இருமுனையிலும் செருகி, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடுவோம். சற்று வளர்ந்தபின், தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரமாக்கினோம். வேலந்தாவளத்திலும் வாளையாற்றிலும் இருந்த சோதனைச் சாவடிகளில் அந்நாளில் லாரிகள் நீண்ட வரிசையாய் நிற்கும். 2017-ஆம் ஆண்டில் சரக்கு சேவை வரி வந்து, வணிகவரிச் சாவடிகளின் வேலை ஓய்ந்தபின் அக்காட்சியும் மறைந்தது. லாரி என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் படத்தில் கண்ட பொருளன்று. அப்பனும் சிற்றப்பனும் ஏறிப்போகும் வண்டி.

என் தமக்கையின் கணவர் நெடுந்தொலைவு லாரி ஓட்டுநர். மாதத்தில் நான்கைந்து நாட்களே அவரை வீட்டில் காணலாம். அவர்தம் மகன், பள்ளி அருகிலிருப்பதால், எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கின்றான். சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் இரவு, நான் வேலை முடிந்து வீடு திரும்பியபோது, அவன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஓர் அட்டை லாரிக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். ‘ஓட்டுநர் பிள்ளை ஓட்டுநராகவே போய்விடுவானோ’ என்ற அச்சம் என் மனத்தில் நெடுநாளாக இருந்தது. சினம் அறிவை மறைத்தது. அந்த லாரியை எடுத்து இரு கைகளாலும் நெரித்துக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டேன்.

அவன் அழவில்லை. “மாமா, அது அப்பா வண்டி” என்று மட்டும் சொன்னான்.

பிள்ளைத்தமிழில் ‘சிற்றில்’ என்றொரு பருவமும் உண்டு. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிறுவன் காலால் அழிப்பான். அங்கே அழிப்பவன் ஒன்றும் அறியாத குழந்தை. இங்கே அழித்தவனோ முப்பத்தைந்து வயது நிரம்பிய ரயில்வே எழுத்தன்!

மறுநாள், அவன் பள்ளிக்குச் சென்றபின், அவனுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைக் கண்டேன். தந்தை வந்திருந்த நாளில் நூல்பிடித்து எடுத்த அளவுகள் அங்கே வரிசையாக எழுதப்பட்டிருந்தன. சரக்கு ஏற்றும் பெட்டியின் நீளம் 550 செ.மீ.; அகலம் 240; டயரின் விட்டம் 105. ஒவ்வொன்றுக்கும் எதிரே இருபதால் வகுத்த விடை: 27.5, 12, 5.25. கமான்பட்டைகள் எத்தனை, பின்பக்கக் கதவில் கொக்கிகள் எத்தனை என்பவையுங்கூடக் குறிக்கப்பட்டிருந்தன. பாடப்புத்தகத்தில் விகிதக் கணக்கு என்றால் முகம் சுளிக்கும் பிள்ளை, இங்கே ஒரு பிழையுமின்றி விகிதம் போட்டிருந்தான். அன்று மாலையே மன்னிப்புக் கேட்டேன். “நாம் இருவரும் சேர்ந்து மறுபடி செய்வோம்” என்றேன்.

இக்கலையைப் பற்றி அதன்பின் நான் அறிந்தவற்றுள் சிலவற்றைக் கூறுகின்றேன். கேரளத்தில் இன்று இளைஞர் பலர், நுரைப்பலகையை வெட்டி ஒட்டி, அரசுப் பேருந்துகளையும் லாரிகளையும் அச்சு அசலாகச் செய்கின்றனர். அயல்நாடுகளில் இதற்கெனவே பாகங்கள் பெட்டியில் விற்கின்றன. ஜப்பானின் தமியா நிறுவனம் பதினான்கில் ஒரு பங்கு அளவில், வானொலி அலையால் ஓடும் லாரிகளையே விற்கின்றது. விலையோ நம்மனோர்க்கு எட்டாதது. ஆனால் அது குறையன்று. சைக்கிள் கம்பி அச்சாகும். மை தீர்ந்த பேனாக்குழாய் அச்சு சுழலும் உறையாகும். திருமண அழைப்பிதழ் அட்டை கதவாகும். இங்கிலாந்தில் ஜாக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையையே கொண்டுவரலாம் என்பது விதி. அவர் மகளுக்காகப் பித்தளையில் சிறியதொரு சாலை உருளை செய்து கொடுத்தார். உலகெங்கும் பரவிய ‘மேட்ச்பாக்ஸ்’ சிறுவண்டிகள் 1953 முதல் விற்பனைக்கு வந்தது அதன் விளைவே.

வாங்கிய வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றி அமைப்பதும் இக்கலையின் ஒரு பகுதி. இது நம் லாரித் தொழிலுக்குப் புதிதன்று. தொழிற்சாலையிலிருந்து அடிச்சட்டமாக வரும் லாரிக்கு நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் பாடி கட்டி, வண்ணம் பூசி, பெயரெழுதி, உரிமையாளர் மனம்போல் அழகு செய்வதை நாம் அறிவோம். சிறுவன் அட்டையில் செய்வதும் அதுவே.

இரண்டாவது வண்டியாக அவன் செய்ய விரும்பியது, விழுந்த வண்டியைத் தூக்கும் மீட்பு வண்டி. இதன் வரலாறு சுவையானது. 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சட்டனூகா நகரில் ஒருவருடைய கார் ஓடையில் கவிழ்ந்தது. பலர் கூடிக் கயிறுகட்டி இழுத்துப் பெரும்பாடுபட்டனர். அவருக்கு உதவிய எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர், அதன்பின் ஒரு பழைய காரின்மீது கம்பமும் கப்பியும் சங்கிலியும் பொருத்தினார். வண்டி மீட்கும் வண்டி இவ்வாறு பிறந்தது.

எங்கள் மீட்பு வண்டி முதல் சோதனையில் தோற்றது. தூக்குகோலை நீட்டி ஒரு கல்லைத் தூக்கியவுடன், முன்சக்கரங்கள் மேலெழும்பி வண்டி பின்புறமாகச் சாய்ந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆயினும் வெள்ளிக்கோலை அறிவேன். சிறிய குண்டாயினும் கோலில் தொலைவே நகர்த்தினால் பெரிய மூட்டைக்கு ஈடுநிற்கும் அல்லவா? எடையை மட்டுமன்று, எடையையும் தூரத்தையும் பெருக்கியே பார்க்கவேண்டும். ஆகவேதான் மெய்யான கிரேன் பாரம் தூக்குமுன் நான்கு புறமும் ஊன்றுகால்களை நீட்டி நிலத்தில் ஊன்றுகின்றது. ரயில்வேயின் விபத்து நிவாரண வேலைகளில் 140 டன் தூக்கும் கிரேன்கள் உண்டு. அவையும் இவ்விதிக்கு அடங்கியவையே. கோலைக் குறைத்து, ஊன்றுகால் வைத்தபின், எங்கள் வண்டி கல்லைத் தூக்கி நின்றது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். சாயுமா, நிற்குமா என்பதைச் சிறுவண்டி பொய்யின்றிக் காட்டும். உடையுமா, தாங்குமா என்பதைக் காட்டாது. நீளம் இருபது மடங்கானால், கம்பியின் குறுக்குப் பரப்பு நானூறு மடங்காகும். எடையோ எண்ணாயிரம் மடங்காகும். ஆகவே பெரிய வண்டியின் ஒவ்வோர் உறுப்பும், சிறுவண்டியின் உறுப்பைப்போல் இருபது மடங்கு நெருக்கடியைத் தாங்கவேண்டும். 16 டன் லாரி எங்கள் அளவில் 2 கிலோவே. அட்டை தாங்கிற்று என்று கண்டு எஃகைக் கணக்கிடாதிருப்பவன் பொறியாளன் ஆகான். இதனை அவனுக்கு விளக்கியபோதுதான் நானும் தெளிவாக அறிந்தேன்.

மீட்பு வண்டியை ஏன் தேர்ந்தாய் என்று ஒருநாள் கேட்டேன். “பெட்டிமுடி, மாமா” என்றான்.

நம் இதழைப் படிக்கும் குடும்பங்களுக்கு அப்பெயரை விளக்கவேண்டுவதில்லை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டத்து ராஜமலையருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. மாண்டவரும் மண்ணில் மறைந்தவருமாக எழுபதின்மர். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்டோர் அவருள் பலர். செய்தி வெளியே எட்டியதே மறுநாள் காலையில்தான். வழியிலிருந்த பெரியவரைப் பாலம் மழையால் சேதமுற்றிருந்தமையால், மீட்பு வண்டிகள் விரைந்து செல்ல இயலவில்லை. தொலைக்காட்சியில் அதனைக் கண்டபோது என் மருமகன் சிறு பிள்ளை. “வண்டி இருந்தும் ஏன் போகவில்லை?” என்ற வினா அன்று அவன் மனத்தில் தங்கிவிட்டது.

அவ்வினாவுக்கு விடை தேடுகையில் டொனால்டு பெய்லி என்னும் ஆங்கிலேயரைப் பற்றி அறிந்தோம். பிரித்தானியப் போர் அலுவலகத்தில் பணிபுரிந்த அவர், ஓய்வு நேரத்தில் பாலங்களின் மாதிரிகளைச் செய்து பழகியவர். அதாவது, என் மருமகனின் இனத்தார்! இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பத்தடி நீளமும் ஐந்தடி உயரமும் உள்ள எஃகுச் சட்டங்களைக் கோத்து விரைவில் பாலம் அமைக்கும் முறையை அவர் வகுத்தார். ஆறு பேர் சேர்ந்தால் ஒரு சட்டத்தைத் தூக்கிவிடலாம். 1946-இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவு நேர்ந்து சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது, நம் இராணுவத்தின் மதராஸ் பொறியாளர் படையினர் 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தை ஆகஸ்டு 1-ஆம் நாள் மாலைக்குள் கட்டி முடித்தனர். 24 டன் தாங்கும் அப்பாலத்தின் வழியே மண் வாரும் இயந்திரங்களும் ஆம்புலன்சுகளும் முண்டக்கைக்குச் சென்றன.

இருபதில் ஒரு பங்கானால் அப்பாலம் ஒன்பதரை அடி. எங்கள் திண்ணையோ எட்டடி. ஆகவே ஈர்க்குச்சியால் ஆறங்குல நீளச் சட்டங்கள் செய்து, பக்கத்திற்குப் பதினைந்தோடு நிறுத்திக்கொண்டோம். முகப்பில் எடைப்பலகை ஒன்றும் வைத்தான். 24 டன்னை எண்ணாயிரத்தால் வகுத்து, ‘3 கிலோவுக்கு மேல் செல்லாதே’ என்று அதில் எழுதினான். மீட்பு வண்டியின் நெற்றியில் தமிழில் ஒரு வரியும் மலையாளத்தில் ஒரு வரியும் எழுதினான். “இரண்டும் எதற்கு?” என்றேன். “வழிவிடுகிறவர் எதைப் படிப்பாரோ, மாமா” என்றான்.

பெற்றோர்க்குச் சில சொற்கள். பிள்ளை கத்தியெடுத்து அட்டை வெட்டினால், அருகில் ஒரு பெரியவர் இருக்கட்டும். விரைவில் ஒட்டும் பசை கண்ணிலும் விரலிலும் படாமலும், அதன் நெடி அறைக்குள் தங்காமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். தேர்வு நாட்களில் வேலையை நிறுத்தி வைக்கும் ஒழுங்கையும் பழக்கவேண்டும். ஆனால், அளவுநாடா ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம், பிள்ளைகள் நாற்காலியில் அமரும் வேலைக்குப் போகவேண்டும் என்று விரும்புவது இயல்பே. அவ்விருப்பத்தால், நம்மைச் சோறூட்டி வளர்த்த தொழில்களைப் பிள்ளையின் எதிரில் இழிவாகக் காட்டிவிடலாகாது. நான் அன்று நெரித்தது அட்டையை மட்டுமன்று.

சென்ற மாதம் என் தமக்கையின் கணவர் வந்திருந்தார். திண்ணையில் அமர்ந்து, புதிதாகச் செய்த தம் லாரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கண்ணு, ஸ்டெப்னியை இடம் மாற்றி வைத்திருக்கிறாய்” என்றார். பிறகு மீட்பு வண்டியைக் கண்டு, சிறிதுநேரம் பேசாதிருந்தார். முன்னொரு காலம் மலைப்பாதையில் வண்டி பள்ளத்தில் சரிந்து நிற்க, மீட்பு வண்டி வரும்வரை மழையில் ஓர் இரவு முழுதும் காத்திருந்த செய்தியை அன்றுதான் எங்களுக்குச் சொன்னார். என் தமக்கையும் அதனை அதுவரை அறிந்ததில்லை. மகன் நோட்டை எடுத்துவந்து, “எத்தனை டன் கிரேன் வந்தது, அப்பா?” என்று கேட்டு எழுதத் தொடங்கினான்.